கையளவு மீனுக்கு இறகளவு தூண்டில்: டெக்சாஸ் ஆறுகளில் சன்ஃபிஷ் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் தூண்டிலைக் கையில் எடுக்கும் சிறுவர்களில் பலருக்கு முதல் மீனாக வாய்ப்பது புளூகில் அல்லது அதன் உறவுக்கார சன்ஃபிஷ்தான். புழுவைக் கோத்துத் தக்கையோடு குளத்தில் போட்டால் ஐந்து நிமிடத்தில் மாட்டிக்கொள்ளும் இந்த மீனை, வளர்ந்த பிறகு அதே சிறுவர்கள் மறந்துவிடுகிறார்கள். பாஸ், ட்ரவுட் என்று பெரிய பெயர்களின் பின்னால் போய்விடுகிறார்கள். தடித்த கோலும் தடித்த நரம்பும் கொண்டு இழுத்தால் நூறு, நூற்றைம்பது கிராம் எடையுள்ள மீன் எந்த எதிர்ப்பும் காட்டாமல் கரைக்கு வந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் அதே மீனை மிக இலேசான மூன்றாம் எண் ஃபிளை கோலில் பிடித்துப் பார்த்தவர்கள் அதைச் சிறிய மீன் என்று சொல்ல மாட்டார்கள். குறை மீனில் இல்லை. மீனுக்குப் பொருந்தாத கருவியில்தான் இருந்தது.

இந்த வழிகாட்டி டெக்சாஸ் மாநிலத்தின் ஹில் கன்ட்ரி எனப்படும் குன்றுப் பகுதியின் ஆறுகளை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. ஆஸ்டின், சான் அன்டோனியோ நகரங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் காரில் சென்றடையக்கூடிய லானோ, குவாடலூப், சான் மார்கோஸ், பெடர்னாலஸ் ஆகிய ஆறுகளில் நீர் தெளிவாகவும், பல இடங்களில் முழங்கால் அளவிலும் ஓடுகிறது. அதில் இறங்கி நடந்தபடியே நாள் முழுவதும் மீன் பிடிக்கலாம். இங்கே சொல்லப்படும் முறைகள் நியூஜெர்சியின் குளங்களுக்கும் இல்லினாயின் ஏரிகளுக்கும் சிறிய மாற்றங்களோடு பொருந்தும். புளூகில்லைத் தன் மாநில மீனாக 1986இல் அறிவித்துக்கொண்டதே இல்லினாய்தான்.

முதலில் மீனை அறிந்துகொள்ளுங்கள்

சன்ஃபிஷ் என்பது ஒரு மீனின் பெயரன்று. வட அமெரிக்காவுக்கே உரிய ஒரு குடும்பத்தின் பெயர். பக்கவாட்டில் தட்டையான, விரித்த உள்ளங்கை போன்ற உடலும், சிறிய வாயும், செவுள் மூடியின் பின்நுனியில் காது போல நீண்ட ஒரு மடலும் இங்கே பேசப்படும் இனங்களின் பொது அடையாளம். அந்தக் காதைப் பார்த்தே இனத்தைச் சொல்லிவிடலாம். புளூகில்லுக்குக் காது முழுவதும் கருமை. முதுகுத் துடுப்பின் பின்பகுதியிலும் ஒரு கரும்புள்ளி இருக்கும். காதின் விளிம்பில் சிவப்போ செம்மஞ்சளோ தீட்டியது போல் இருந்தால் அது ரெட்இயர். நத்தையைத் தொண்டைப் பற்களால் நொறுக்கித் தின்பதால் தென்மாநிலத்தவர் அதை ஷெல்கிராக்கர் என்பார்கள். நீண்ட கருங்காதைச் சுற்றி வெளிறிய கோடும், உடலெங்கும் நீலமும் ஆரஞ்சும் சிதறிய நிறமும் கொண்டது லாங்இயர். குறுகி நீண்ட கருங்காதும் ஆரஞ்சு வயிறும் உடையது ரெட்பிரெஸ்ட். இது அட்லாண்டிக் கரையோர ஆறுகளிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டு இங்கே நிலைத்துவிட்ட இனம். மற்றவற்றைவிடப் பெரிய வாயும் கன்னத்தில் நீலப்பச்சைக் கீற்றுகளும் இருந்தால் அது கிரீன் சன்ஃபிஷ். பசியிலும் துணிச்சலிலும் அதற்கு நிகரில்லை.

தென்மாநிலங்களில் இவை அனைத்தையும் சேர்த்து பிரிம் என்பார்கள். மினசோட்டாவில் சன்னி என்பார்கள். வாணலிக்குள் முழுதாக அடங்கும் அளவில் இருப்பதால் பான்ஃபிஷ் என்ற பொதுப்பெயரும் உண்டு. ஆறு முதல் எட்டு அங்குல நீளமே வழக்கமான அளவு; பத்து அங்குல புளூகில்லைப் பிடித்தவர் அதைப் பல ஆண்டுகள் பேசிக்கொண்டிருக்கலாம். அலபாமாவின் கெட்டோனா ஏரியில் 1950 ஏப்ரல் 9 அன்று பிடிபட்ட 4 பவுண்டு 12 அவுன்ஸ் எடையுள்ள புளூகில்லே இன்றும் உலகச் சாதனையாக நிற்கிறது.

தூண்டில்காரருக்கு முக்கியமான உடலமைப்பு இரண்டு. முதலாவது, வாய். சன்ஃபிஷ் இரையைக் கவ்வுவதில்லை. வாயைத் திடீரென்று விரித்து நீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பியும் விடுகிறது. இரண்டாவது, தட்டையான பக்கவாட்டு. முள் தைத்தவுடன் மீன் நேராக ஓடாமல் தன் அகன்ற பக்கத்தை இழுவிசைக்குக் குறுக்கே திருப்பிக்கொண்டு வட்டமடிக்கிறது. எடையை மீறி அது கனப்பதற்கு இந்தத் தந்திரமே காரணம்.

இலேசான கருவியைத் தேர்ந்தெடுத்தல்

சாதாரணத் தூண்டிலில் ஈயமோ இரையோ தன் எடையால் நரம்பை இழுத்துச் செல்கிறது. ஃபிளை ஃபிஷிங்கில் இறகும் நூலும் ரப்பரும் கட்டிய பொய்ப்பூச்சிக்கு எடையே இல்லை. ஆகவே எடை முழுவதும் லைன் என்னும் வீச்சுக் கயிற்றில் இருக்கிறது. லைனின் முதல் முப்பது அடியின் எடையைக் கொண்டே எண் வழங்கப்படுகிறது: மூன்றாம் எண் லைனின் அந்தப் பகுதி 100 கிரெயின், அதாவது ஏறத்தாழ 6.5 கிராம், ட்ரவுட்டுக்கு வழக்கமான ஐந்தாம் எண் 140 கிரெயின், பாஸுக்குரிய எட்டாம் எண் 210 கிரெயின். லைனின் எண்ணும் கோலின் எண்ணும் பொருந்த வேண்டும் என்பதே விதி.

சன்ஃபிஷுக்கு ஒன்று முதல் நான்கு வரை எந்த எண்ணும் பயன்படும். என் பரிந்துரை மூன்று. ஒன்றும் இரண்டும் கையில் மிக இனிமையாக இருந்தாலும், காற்று சற்றே எழுந்தாலும் லைன் திரும்பி முகத்திலேயே வந்து விழும். பாப்பர் எனப்படும், நுரையால் செய்த பருத்த மிதக்கும் பொய்ப்பூச்சியை அவற்றால் விரித்துப் போடவும் முடியாது. நான்கு எல்லாவற்றையும் செய்யும், ஆனால் ஆறு அங்குல மீனின் நடுக்கத்தைக் கைக்குக் கொண்டு வருவதில் மூன்றுக்கு இணையாகாது. நீளம் ஏழு முதல் எட்டு அடி போதும். கிளைகள் கவிந்த ஓடைகளில் ஆறரை அடி இன்னும் வசதி. கார்பனா கண்ணாடியிழையா என்ற கேள்விக்கு, மெதுவாக வளைந்து மெதுவாக நிமிரும் கண்ணாடியிழைக் கோலே இந்த மீனுக்கு ஏற்றது என்பது என் கருத்து. கிட்டத்தில் வீசும்போதும் அது அடிவரை வளைந்து கொடுக்கும்.

ரீலுக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். சன்ஃபிஷ் லைனை உருவிக்கொண்டு ஓடுவதில்லை என்பதால் இங்கே ரீல் லைனைச் சுற்றி வைக்கும் உருளை மட்டுமே. மிச்சமாகும் பணத்தை நல்ல மிதக்கும் லைனில் போடுங்கள்.

லைனின் நுனியில் ஏழரை அடி நீளமுள்ள, நுனி நோக்கி மெலியும் லீடர் என்ற நரம்பு ஒன்றைக் கண்ணியோடு கண்ணி கோத்து இணைக்க வேண்டும். அதன் நுனியில் சேர்க்கப்படும் மெல்லிய நரம்புக்கு டிப்பெட் என்று பெயர். அதன் பருமனை எக்ஸ் எண்ணால் குறிப்பார்கள். எண் கூடக்கூட நரம்பு மெலியும். 4எக்ஸ் என்பது ஏறத்தாழ 0.18 மில்லிமீட்டர், 5எக்ஸ் 0.15 மில்லிமீட்டர். பாப்பருக்கு 3எக்ஸ் அல்லது 4எக்ஸ், மூழ்கும் பூச்சிகளுக்கு 5எக்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். இதைவிட மெல்லியது தேவையில்லை. சன்ஃபிஷ் நரம்பைப் பார்த்து அஞ்சும் மீனன்று, மெல்லிய நரம்பு சைப்ரஸ் வேர்களில் அறுந்து பொய்ப்பூச்சிகளைக் காவு கொடுப்பதே மிச்சமாகும்.

இவற்றோடு நீர்ப்பரப்பில் எதிரொளிக்கும் கண்கூச்சத்தைத் தடுக்கும் போலரைஸ்டு கண்ணாடி, முள் கழற்ற நுனி நீண்ட இடுக்கி, நரம்பு வெட்டும் கத்தரி, ஒரு தொப்பி ஆகியவை போதும். கண்ணாடியை அலங்காரம் என்று எண்ண வேண்டாம். நீருக்குள் பார்ப்பதற்கும், தவறி வரும் முள்ளிலிருந்து கண்ணைக் காப்பதற்கும் அதுவே துணை.

பொய்ப்பூச்சிகள்: குறைவாக, ஆனால் சரியான அளவில்

தூண்டில் முள்ளின் எண் ஏற ஏற அளவு குறையும். சன்ஃபிஷுக்கு 8, 10, 12 ஆகிய மூன்று அளவுகளுக்குள் இருங்கள். ஒன்றே ஒன்று என்றால் 10. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் கோடையில் கடையில் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த ஆறாம் எண் பாப்பர்களை வாங்கிக்கொண்டு போய், ஒரு முழு மாலை நேரத்தில் நாற்பது ஐம்பது முறை மீன் வந்து தட்டியும் மூன்றைக்கூடக் கரை சேர்க்கவில்லை. மீன் தயங்கியது என்று நினைத்தேன்; உண்மையில் முள் அதன் வாய்க்குள் நுழையவே இல்லை. மறுபக்கம், 14ஆம் எண்ணைவிடச் சிறிய முள்ளுக்குப் போனால் மீன் அதை ஆழமாக விழுங்கிவிடும். எடுப்பதற்குள் மீன் செத்துவிடும்.

மேற்பரப்பில் மிதப்பதற்கு இரண்டு போதும். ஒன்று, நுரைத்துண்டில் ரப்பர் கால்கள் கட்டிய சிலந்தி; கறுப்பு, மஞ்சள், வெளிர்பச்சை ஆகிய நிறங்களில் இரண்டிரண்டு வைத்திருங்கள். மற்றொன்று, குழிந்த முகத்தால் நீரைத் தள்ளி ஒலியெழுப்பும் சிறிய பாப்பர். முதலில் தக்கையில் செய்யப்பட்ட இந்த பாப்பரை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பியவர் டென்னசியின் சட்டனூகாவைச் சேர்ந்த ஏர்னஸ்ட் பெக்கின்பா. இன்று பாஸ் மீனோடு சேர்த்துப் பேசப்படும் அந்தக் கருவி பிரிம் மீனுக்கும் அன்றிலிருந்தே உரியது.

நீருக்கடியில் செல்வதற்கு ஃபெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர் என்ற இரண்டு பழைய நிம்ஃப்களில் (நீர்ப்பூச்சியின் இளம்பருவத்தைப் போலக் கட்டிய மூழ்கும் பொய்ப்பூச்சிகள்) ஏதேனும் ஒன்று 12ஆம் அளவிலும், கறுப்பு அல்லது ஆலிவ் நிறத்தில் வூலி பக்கர் என்ற சிறிய பொய்ப்பூச்சி 10ஆம் அளவிலும் இருந்தால் ஆண்டு முழுவதையும் ஓட்டிவிடலாம். எல்லா முட்களின் எதிர்முள்ளையும் இடுக்கியால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். இதனால் தவறிப்போகும் மீன்கள் மிகச் சில. உங்கள் காதிலோ விரலிலோ முள் ஏறும் நாளில் இதன் அருமை தெரியும்.

முடிச்சுக்கு மேம்படுத்தப்பட்ட கிளிஞ்ச் ஒன்றைக் கற்றால் போதும். டிப்பெட்டின் நுனியை முள்ளின் துளையில் நுழைத்து, தாய் நரம்பைச் சுற்றி ஐந்து முறை முறுக்கி, துளைக்கு அருகில் உண்டான சிறு கண்ணியில் நுனியைச் செருகி, அப்போது உருவாகும் பெரிய கண்ணியிலும் ஒருமுறை செருகி, எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்க வேண்டும். நனைக்காமல் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு வலுவிழக்கும்.

வீச்சு: புல்தரையில் ஒரு மணி நேரம்

ஆற்றுக்குப் போவதற்கு முன்பு ஒரு மைதானத்தில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். முள்ளுக்குப் பதிலாகச் சிறிய கம்பளி நூலைக் கட்டி, கோல் நுனிக்கு வெளியே இருபத்தைந்து அடி லைனைத் தரையில் நேராக விரித்துக்கொள்ளுங்கள். கைப்பிடியின் மேற்புறத்தில் கட்டைவிரல் இருக்கட்டும். முழங்கை உடலை ஒட்டி இருக்கட்டும்.

கோலின் நுனியைத் தரைக்கு அருகில் தாழ்த்தி, பின்பு மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டிக்கொண்டே மேலே உயர்த்தி, தலையைச் சற்றே தாண்டியதும், கடிகார முள் ஒரு மணியைக் காட்டும் நிலையில், சட்டென்று நிறுத்துங்கள். இதுவே பின்வீச்சு. லைன் உங்கள் முதுகுக்குப் பின்னால் சுருளவிழ்ந்து நீளும் வரை காத்திருங்கள். பின்பு அதே போல் முன்னோக்கிச் செலுத்தி, கடிகார முள் பத்து மணியைக் காட்டும் நிலையில் நிறுத்துங்கள். கை கழுவிவிட்டுத் துண்டில்லாமல் ஈரத்தை உதறும்போது மணிக்கட்டு எப்படித் திடீரென்று நிற்கிறதோ, அந்த நிறுத்தம்தான் இங்கே வேண்டியது. நிறுத்தும் கணத்தில்தான் வளைந்த கோல் நிமிர்ந்து லைனை எறிகிறது. பலத்தால் எறிய முயல்பவர்களின் லைன் காலடியிலேயே குவியும்.

தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை இரண்டு: பின்வீச்சில் மணிக்கட்டைப் பின்னால் சாய்த்துவிடுவது, லைன் நீளுமுன்பே முன்னால் இழுத்துவிடுவது. முதல் பிழையில் லைன் பின்னால் புல்லில் அடிக்கும். இரண்டாவதில் சாட்டை போன்ற ஒலி கேட்கும், ஆற்றில் அந்த ஒலியோடு பொய்ப்பூச்சியும் போய்விடும். தலையைத் திருப்பிப் பின்னால் விரியும் லைனைக் கண்ணாலேயே பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பின்னால் பெக்கான் மரங்கள் அடர்ந்த கரையில் பின்வீச்சுக்கே இடமிருக்காது. அங்கே கோலை மெதுவாக உயர்த்தி, லைன் தோளுக்குப் பின்னால் வில் போலத் தொங்கும்போது முன்னோக்கி உதறினால் லைன் நீரின் மீதே உருண்டு விரியும். இந்த உருள்வீச்சைப் புல்லில் பழக முடியாது. லைனைப் பிடித்துவைக்க நீரின் பிசுக்கு தேவை. இருபது முதல் முப்பது அடி தொலைவுக்கு இவ்விரண்டு வீச்சுகளும் கைவந்தால் சன்ஃபிஷுக்கு அதற்குமேல் வேண்டியதில்லை. காற்று, வீசும் கையின் பக்கமிருந்து அடித்தால் முள் உங்கள்மீது வரும். இடம் மாறி நில்லுங்கள்.

எங்கே, எப்போது

நீரின் வெப்பநிலை 67 முதல் 80 ஃபாரன்ஹீட் வரை இருக்கும் காலம், அதாவது சுமார் 19 முதல் 27 செல்சியஸ், புளூகில் முட்டையிடும் காலம். தென் டெக்சாஸில் இது ஏப்ரலிலேயே தொடங்கிக் கோடை முழுவதும் விட்டுவிட்டு நடக்கும். வடமாநிலங்களில் மே இறுதியும் ஜூனும். இந்த நாட்களில் ஆண் மீன்கள் ஆழமற்ற இடத்துக்கு வந்து, வாலால் மண்ணை விசிறி ஓரடி அகலமான வட்டக் குழிகளை அமைக்கின்றன. சரளைத் தரையில் வெளிறிய தட்டுகளை அடுக்கி வைத்தது போல, இருபது முப்பது குழிகள் ஒன்றையொன்று ஒட்டித் தேன்கூடாகத் தெரியும். நம் ஊர் ஏரிகளில் நீர் வற்றும்போது ஜிலேபி மீனின் குழிகளைப் பார்த்தவர்களுக்கு இக்காட்சி புதிதாக இராது. ஆனால் வேறுபாடு ஒன்றுண்டு: ஜிலேபியின் பெண் முட்டைகளை வாயில் எடுத்துக்கொண்டு போய்விடும், சன்ஃபிஷில் பெண் முட்டையிட்டுவிட்டுச் செல்ல, ஆண் மட்டும் குழியின்மேல் நின்று துடுப்பால் நீரோட்டம் கொடுத்து, நெருங்கும் எதையும் விரட்டிக் காக்கிறது.

கனடாவின் ஒண்டாரியோவில் உள்ள ஒபினிகன் ஏரியில் செய்த ஆய்வுகள் இந்தக் குடும்பத்தின் திருட்டுக் கதையொன்றையும் வெளிக்கொண்டு வந்தன. எல்லா ஆண்களும் குழி தோண்டுவதில்லை. சில சிறிய ஆண்கள் புதரில் ஒளிந்திருந்து, முட்டையிடும் கணத்தில் பாய்ந்து விந்தைச் சிந்திவிட்டு ஓடிவிடுகின்றன; சற்று வளர்ந்த பின் அவை பெண் மீனைப் போலவே நிறமும் நடையும் காட்டிக் குழிக்குள் நுழைகின்றன. காவல் நிற்கும் ஆணோ தன்னுடையவை அல்லாத முட்டைகளையும் சேர்த்துக் காக்கிறது.

குழிகள் கண்ணில் படாத நாட்களில் நிழலைத் தேடுங்கள். லானோவில் கருங்கற்பாறைகளுக்குப் பின்னால் நீர் சுழன்று அமைதியாகும் இடங்கள், குவாடலூப்பில் சைப்ரஸ் மரங்களின் வேர்கள் நீருக்குள் இறங்கும் இடங்கள், விழுந்த மரங்கள், நீர்ச்செடிகளின் விளிம்பு ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. கோடையில் காலை ஒன்பது மணிக்குள்ளும் மாலை ஆறுக்குப் பிறகும் மேற்பரப்பு, நடுப்பகலில் ஆழம். முட்டையிடும் பிரிம் கூட்டத்தை மூக்காலேயே கண்டுபிடிக்கலாம், தர்பூசணி வாசம் வரும் என்று தென்மாநில முதியவர்கள் சொல்வதுண்டு. என் மூக்குக்கு இதுவரை அந்தக் கொடுப்பினை இல்லை.

மீனை ஏமாற்றும் கலை: அசைக்காமல் இருப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதையே வைத்துக்கொள்ளுங்கள். நுரைச்சிலந்தி நீரில் விழுந்ததும் வட்ட அலைகள் எழும். அந்த அலைகள் முற்றிலும் அடங்கும் வரை எதையும் செய்யாதீர்கள். பத்து வரை எண்ணுங்கள், இருபதானாலும் தவறில்லை. கைகள் அரிக்கும், இழுத்துப் பார்க்கத் தோன்றும், அடக்கிக்கொள்ளுங்கள். விழுந்த ஒலி கேட்டே மீன் வந்துவிட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தால், சிலந்திக்குக் கீழே ஒரு சாண் இறக்கத்தில் அது மார்புத் துடுப்புகளை அசைத்து அந்தரத்தில் நின்றபடி, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பது தெரியும். அந்த நேரத்தில் பாப்பரைப் படபடவென்று இழுப்பவர்கள், வந்த விருந்தாளியின் முகத்தில் கதவைச் சாத்துகிறார்கள்.

அலை அடங்கிய பிறகு, ரப்பர் கால்கள் மட்டும் நடுங்கும்படி லைனை ஓரங்குலம் இழுங்கள். மறுபடி காத்திருங்கள். பெரும்பாலும் இந்த இரண்டாவது காத்திருப்பில்தான் கடி விழும். பாஸ் போல நீரைக் கிழித்துக்கொண்டு வராது. முத்தமிடுவது போன்ற ஒரு சிறிய ஒலி கேட்கும், சிலந்தி இருந்த இடத்தில் ஒரு குமிழி இருக்கும். அப்போது கோலின் நுனியை ஓரடி உயர்த்தினால் போதும். கையை ஓங்கி இழுத்தால் மீனின் வாயிலிருந்து முள்ளைப் பிடுங்கிவிடுவீர்கள், அல்லது நாலங்குல மீன் ஒன்று உங்கள் தலைக்கு மேலே பறந்து பின்னாலுள்ள மரத்தில் மாட்டிக்கொள்ளும். எனக்கு இரண்டுமே நடந்திருக்கின்றன.

மேலே எதுவும் அசையாத நடுப்பகலில் நிம்ஃபுக்கு மாறுங்கள். வீசிவிட்டு எண்ணிக்கொண்டே மூழ்க விடுங்கள். ஐந்தில் இழுத்துப் பாருங்கள், அடுத்து எட்டில், அடுத்து பன்னிரண்டில். எந்த எண்ணில் முதல் மீன் கிடைத்ததோ, கூட்டம் அந்த ஆழத்தில் நிற்கிறது; அதன்பின் ஒவ்வொரு வீச்சிலும் அதே எண். விரல்களுக்கிடையில் லைனை அங்குலம் அங்குலமாகச் சுருட்டும் வேகமே போதும். கடி கையில் தெரியாது. லைன் நீரில் நுழையும் இடம் சற்றே முன்னகர்வதைக் கண்ணால் பிடிக்க வேண்டும். இது தொடக்கத்தில் கடினம். அதற்கான குறுக்கு வழி, பாப்பரின் முள் வளைவில் ஓரடி டிப்பெட்டைக் கட்டி அதன் நுனியில் நிம்ஃபைத் தொங்கவிடுவது. பாப்பர் அப்போது தக்கையின் வேலையைச் செய்யும். சில நேரம் இரண்டிலும் ஒரே சமயத்தில் மீன் மாட்டும், அவை இரண்டும் எதிரெதிர்த் திசையில் வட்டமடிக்கும்போது மூன்றாம் எண் கோல் படும் பாட்டைச் சொல்லி மாளாது.

பெரிய மீன்கள் சிறியவற்றுக்குக் கீழேயும், கரையிலிருந்து தள்ளியும் நிற்பதே வழக்கம். கரையோரத்தில் விரல் நீள மீன்களே வந்துகொண்டிருந்தால் ஆறடி தள்ளி, இன்னும் ஆழமாகப் போடுங்கள். சன்ஃபிஷ் எளிது என்பது பாதி உண்மை. பெரிய சன்ஃபிஷ் எளிதன்று.

கைக்கு வந்த மீன்

லைனை இடக்கையால் இழுத்தே மீனைக் கொண்டு வாருங்கள். கோல் வளைந்தே இருக்கட்டும், நரம்பு தளர்ந்தால் எதிர்முள் இல்லாத முள் கழன்றுவிடும். கையை முதலில் நீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும். புளூகில்லின் முதுகுத் துடுப்பில் வழக்கமாகப் பத்து முட்கள் இருக்கும். தலைப்பக்கத்திலிருந்து வால் நோக்கிக் கையை வழித்துக்கொண்டு போனால் அவை மடங்கிக்கொள்ளும்; எதிர்த் திசையில் பிடித்தால் உள்ளங்கையில் இரத்தம். முள்ளை இடுக்கியால் வந்த வழியே பின்னுக்குத் தள்ளிக் கழற்றுங்கள். தொண்டைக்குள் போய்விட்டதென்றால் நரம்பை வாயோரம் வெட்டி விட்டுவிடுவது மேல்.

சமைக்க எடுத்துச் செல்வதில் தவறில்லை. சன்ஃபிஷுக்கு டெக்சாஸில் பொதுவாக அளவு வரம்போ எண்ணிக்கை வரம்போ இல்லை. தனி விதிகள் கொண்ட நீர்நிலைகளை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் மக்காச்சோள மாவில் புரட்டிப் பொரிப்பார்கள். செதில் நீக்கி, இருபுறமும் கீறி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் எலுமிச்சைச் சாறும் தடவி வார்ப்பிரும்புக் கல்லில் வறுத்தால் நம் நாக்குக்கு அதைவிடப் பொருந்தும். ஆனால் எதை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். ஏழு அங்குலத்துக்கு உட்பட்டவற்றை எடுங்கள். குழியைக் காக்கும் பெரிய ஆண்களை விட்டுவிடுங்கள். பெரிய ஆண்கள் தொடர்ந்து பிடிக்கப்படும் ஏரிகளில், போட்டி இல்லாததால் இளம் ஆண்கள் வளர்வதை நிறுத்திச் சிறிய அளவிலேயே இனப்பெருக்கத்தில் இறங்கிவிடுகின்றன. சில ஆண்டுகளில் அந்த ஏரியில் கையளவு மீனே இல்லாமல் போகிறது. மினசோட்டா மாநிலம் பல ஏரிகளில் நாளொன்றுக்கு ஐந்து அல்லது பத்து என்று வரம்பைக் குறைத்தது இதனால்தான்.

உயிருள்ள மீனை ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய் விடாதீர்கள். 1960இல் அமெரிக்கா சென்ற ஜப்பானியப் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்கு சிகாகோ மேயர் புளூகில் மீன்களைப் பரிசளித்தார். உணவு மீனாகும் என்று ஜப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவை அந்நாட்டு ஏரிகளில் பரவி உள்நாட்டு மீன்களை அழிக்கத் தொடங்கின. பேரரசரான பின், 2007இல், அவர் அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.

சட்டமும் பாதுகாப்பும்

டெக்சாஸில் 17 வயது நிறைந்தவர்களுக்கு நன்னீர் மீன்பிடி உரிமம் தேவை. மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலிருந்து பிடிப்பதற்கு மட்டும் தேவையில்லை. ஜூன் மாதத்தின் முதல் சனிக்கிழமை எல்லோருக்கும் உரிமமின்றி அனுமதி உண்டு. நியூஜெர்சியில் 16 முதல் 69 வயது வரை உரிமம் வேண்டும். டெக்சாஸில் சராசரியாக முப்பது அடி அகலமுள்ள ஆற்றின் படுகை பொதுச்சொத்து. பொதுப்பாலத்தின் அருகே இறங்கி ஆற்றுக்குள்ளேயே நடந்து செல்லலாம், ஆனால் கரையேறினால் அது வேறொருவரின் நிலம்.

இந்த ஆறுகள் அழகானவை, அதே அளவுக்கு ஆபத்தானவை. சுண்ணாம்புப் பாறை நிலத்தில் மழைநீர் ஊறாமல் அப்படியே ஆற்றுக்கு வந்துவிடும். 2025 ஜூலை 4 அதிகாலையில் கெர் மாவட்டத்தில் குவாடலூப் ஆறு சில மணி நேரத்துக்குள் பல அடி உயர்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. மேல்நிலப்பகுதியில் மழை எச்சரிக்கை இருந்தால் போக வேண்டாம். நீர் கலங்கத் தொடங்கினாலோ சருகுகள் மிதந்து வந்தாலோ உடனே கரையேறுங்கள். வேர்களுக்கிடையில் கையை விடுமுன் காட்டன்மவுத் என்ற நச்சுப்பாம்பு இருக்கிறதா என்று பாருங்கள். வேறோர் ஆற்றுக்குப் போகுமுன் காலணிகளைக் கழுவி முழுவதும் காய வையுங்கள். ஸீப்ரா மஸ்ஸல் எனப்படும் அயல்நாட்டு வரிச்சிப்பிகள் அப்படியும் பரவக்கூடும்.

எதிர்பாராத விருந்தாளிகள்

சன்ஃபிஷுக்குப் போட்ட பொய்ப்பூச்சியை வேறு சிலவும் எடுக்கும். வேகமான நீரின் விளிம்பில் திடீரென்று கோல் அடிவரை வளைந்தால் அது டெக்சாஸின் மாநில மீனான குவாடலூப் பாஸாக இருக்கலாம். கோலைச் சாய்த்துப் பிடித்து, அதன் ஓட்டத்துக்குக் குறுக்கே பக்கவாட்டில் இழுத்தால் மூன்றாம் எண் கோலே போதும். உடலெங்கும் முத்துப் புள்ளிகள் தெறித்த கரிய மீன் வந்தால் அது ரியோ கிராண்டே சிக்லிட், அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குச் சொந்தமான ஒரே சிக்லிட். நம் ஜிலேபிக்கும் கேரளத்துக் கரிமீனுக்கும் குடும்ப உறவு. அது மேலே வருவதில்லை. சான் மார்கோஸ் ஆற்றில் தரையைத் தொடும்படி நிம்ஃபை மெதுவாக உருட்டினால் கிடைக்கும்.

நவம்பருக்குப் பின் சன்ஃபிஷ் ஆழத்துக்கு இறங்கிவிடும். கடி குறையும், நிம்ஃபை இன்னும் மெதுவாக ஓட்ட வேண்டியிருக்கும். ஊற்றுநீரால் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தில் இருக்கும் சான் மார்கோஸின் மேற்பகுதி மட்டும் இதற்கு விலக்கு. மற்ற இடங்களில் பிப்ரவரி இறுதியில் தொடர்ந்து மூன்று நாட்கள் வெயில் அடித்தால், மதியம் மூன்று மணியளவில் வடகரையின் ஆழமற்ற பகுதியைப் போய்ப் பாருங்கள். தெற்கிலிருந்து வரும் வெயில் முதலில் சூடேற்றுவது அந்தக் கரையைத்தான். கறுப்பு நுரைச்சிலந்தியை அந்த ஆண்டில் முதன்முறையாக அங்கே போடலாம்.